கூட்டத்தில் நான் சொல்லாமல் விட்டது

இதை வாசிக்கிறவர்கள் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். மண்வெட்டி பிடித்த விரல்களுக்குள் பேனா வழுக்குகிறது. ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. எந்த இடத்தில் சின்ன ‘ர’, எந்த இடத்தில் பெரிய ‘ற’ என்று இன்றைக்கும் எனக்குத் தடுமாற்றம்தான். பிழைகளைத் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

நான் நுரைச்சோலைப் பக்கம் மணல் தரையில் மிளகாயும் பீற்றூட்டும் போடுகிறவன். ஆட்களோடு பழகத் தெரியாது. கடைக்குப் போனாலும் முன்னால் நிற்பவர்கள் எல்லோரும் போன பிறகுதான் சாமான் கேட்பேன்.

எனக்கு ஒரே மகள். அவளைப் பள்ளிக்கூடம் சேர்ப்பதற்கு முந்திய வருடம் கடும் காய்ச்சலில் பத்து நாள் கிடந்தாள். காய்ச்சல் விட்ட பிறகு, பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்பமாட்டாள். முன்னால் வந்து நின்று சொன்னால் எல்லாம் விளங்கும். வாயசைவைப் பார்த்துப் பேச்சைப் பிடித்துக்கொள்ள அவள் தானாகவே பழகிவிட்டாள். புத்தளம் ஆஸ்பத்திரியில் காதைப் பார்த்த டொக்டர், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சோதித்து மிஷின் வைக்க வேண்டும் என்று கடிதம் எழுதித் தந்தார்.

அப்போது என் தங்கச்சிக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளை வீட்டார் பக்கத்து ஊர்க் கனமூலைக்காரர்கள். ‘அந்தக் குடும்பத்தில் செவிடு இருக்கிறது’ என்று ஒரு கதை போனால் போதும், சம்பந்தம் நின்றுவிடும். கலியாணம் முடியட்டும் என்று நானும் மனைவியும் முடிவு செய்தோம். கடிதம் அலுமாரிக்குள் போனது. தங்கச்சியின் கலியாணம் நல்லபடியாக முடிந்தது. அதன் பிறகு நான் மகளுடைய கலியாணத்தை நினைக்கத் தொடங்கினேன். ஆறு வயதுப் பிள்ளையின் கலியாணத்தை. பெண் பிள்ளையின் குறை ஒருமுறை வெளியே தெரிந்தால், பெண் பார்க்க வருகிற நாள்வரை அது ஊருக்குள்ளேயே நிற்கும் என்று பயந்தேன். கடிதம் வைத்த இடத்திலேயே இருந்தது.

முதலாம் வகுப்பில் சேர்த்தபோது அவளை முன் வரிசை வாங்கில் இருத்த வேண்டியிருந்தது. அதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும். “புள்ளைக்குக் கண் கொஞ்சம் குறைவு” என்று சொன்னேன். கண்ணாடி போட்ட பெண்களை எத்தனையோ பேர் கட்டிக்கொண்டு போகிறார்கள். கண் ஒரு குறையாக யாருக்கும் படாது. இந்தப் பொய்யை ஒவ்வொரு வருடமும் புதிதாக வருகிற ஆசிரியரிடம் சொல்லி வந்தேன். “கண்ண எடுக்காமப் பாக்குற புள்ள” என்று எல்லோரும் அவளைப் புகழ்ந்தார்கள். மூன்று வருடம் அப்படிப் போனது.

பிறகு கொரோனா வந்தது. பள்ளிக்கூடம் மூடிக் கிடந்த நாட்களில் பாடங்கள் போனுக்குக் குரல் பதிவாக வந்தன. நான் அதைக் காதில் வைத்துக் கேட்டு, அவளுக்கு எதிரே பாயில் உட்கார்ந்து, என் வாயால் திருப்பிச் சொல்வேன். நான்காம் வகுப்புச் சுற்றாடல் பாடத்தை நான் இரண்டாவது தடவை படித்தது அப்படித்தான். உண்மையைச் சொன்னால், என் வாழ்க்கையில் நான் அதிகம் பேசிய காலம் அதுதான்.

பள்ளிக்கூடம் திறந்தபோது எல்லோர் வாயும் மூடியிருந்தது. பிள்ளைகளும் முகக்கவசம், டீச்சரும் முகக்கவசம். நான்காம் வகுப்பு டீச்சர் யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து புத்தளத்தில் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பத்துப் பெண். பஸ்ஸில் வந்து போவார். சத்தம் போட்டு அறியாதவர். இரண்டாவது கிழமை மகளின் கொப்பியில் ‘வகுப்பில் கவனம் இல்லை’ என்று எழுதி அனுப்பினார். அதை எழுத்துக் கூட்டி வாசித்தேன். மகளிடம் என்ன என்று கேட்டேன்.

“டீச்சர்ட கண்ண மட்டும் பாத்து என்ன விளங்கும் வாப்பா?” என்றாள்.

அந்த மாதம் பாடசாலை அதிபர் பெற்றோர் கூட்டம் வைத்தார். வகுப்பில் முகக்கவசம் வேண்டுமா, வேண்டாமா என்பதுதான் பேச்சு. நான் கடைசி வாங்கில், முகக்கவசத்தைக் கண் வரை இழுத்து விட்டுக்கொண்டு இருந்தேன்.

சில்லறைக் கடைக்காரர் ஒருவர் முதலில் எழும்பினார். “எங்கட புள்ளைகளுக்கு மூச்சு முட்டுது சேர். சந்தைல வராத கொரோனா, வகுப்புக்கு மட்டும் பாடம் படிக்க வருமா?”

லொறி ஓட்டுகிற ஒருவர் திரும்பினார். “பகிடி உடாதீங்க நானா. எங்கட மாமா மூச்செடுக்க ஏலாமக் கிடந்தத நான் பக்கத்துல நிண்டு பாத்தவன்.”

“நீங்க லொறிக்குள்ள தனிய போகக்குள்ள மூக்கு வரைக்கும் போடுறீங்க. சந்தைல இறங்கினா தாடிக்கு மாட்டுறீங்க. தாடிக்குத்தான் கொரோனா வருமோ?”

எல்லோரும் சிரித்தார்கள். ஒரு தாய் எழும்பி, “என்ட மகன் காலைல நீலம் போட்டுட்டுப் போறான், பின்னேரம் பூப்போட்டதோட வாறான். என்னடா இதுண்டு கேட்டா, ‘இன்டவல்ல மாத்திக்கிட்டோம் உம்மா’ங்கிறான். இதுக்குப் போடாமலே போகலாம்” என்றார். இன்னும் சிரிப்பு.

டீச்சர் எழும்பியபோது சிரிப்பு அடங்கியது.

“எனக்கு உங்கட கஷ்டம் விளங்குது. என்ர அவருக்குச் சிறுநீரக வருத்தம். கிழமைக்கு ரெண்டு தரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ரத்தம் சுத்தப்படுத்துறது. நான் இங்கயிருந்து ஏதாவது கொண்டுபோய்க் குடுத்தால் அவர் தாங்கமாட்டார். அதுதான் கழட்டப் பயமாக் கிடக்கு. அதுக்குப் பதிலா எல்லாத்தையும் பலகையில எழுதிவிடுறன். கண் குறைஞ்ச ஒரு பிள்ளை இருக்கு, அந்தப் பிள்ளைக்காக எழுத்தெல்லாம் பெரிசாத்தான் எழுதுறன்.”

அது என் மகள். நான் சொன்ன பொய்க்காக அந்த மனுசி நாள் முழுக்கக் கையை உயர்த்திப் பெரிய எழுத்து எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். எழும்பி, ‘கண் இல்லை டீச்சர், காது’ என்று சொல்ல ஐந்து விநாடி போதும். முன்னால் முப்பது பேர் இருந்தார்கள். நான் எழும்பவில்லை.

“பலகைல எழுதுறதுக்கு டீச்சர் எதுக்கு, பெயின்டர் போதுமே” என்றார் கடைக்காரர்.

அதிபர் கையமர்த்தினார். “புள்ளைகள் போடத்தான் வேணும், அது மேலிடத்து உத்தரவு. படிச்சுக்குடுக்கிற நேரம் மட்டும், டீச்சர் பலகைக்குப் பக்கத்துல தள்ளி நிண்டு இறக்கிக்கொள்ளட்டும். சம்மதமான ஆக்கள் கைய உயர்த்துங்க பாப்பம்.”

நிறையக் கைகள் உயர்ந்தன. என் கையும் உயர்ந்தது. நான் உயர்த்தாவிட்டாலும் முடிவு அதேதான். ஆனால் டீச்சரின் பார்வை எல்லோரையும் தாண்டி என்னிடம் வந்து நின்றது. நான் அவருக்கு ஸலாம்போல ஒரு தலையசைப்புக் கொடுக்காமல் பாடசாலை வாசலைக் கடந்ததில்லை. என் பிள்ளைக்காகத் தனியாகப் பாடுபட்டவரும் அவர்தான். நான் குனிந்துகொண்டேன். கொரோனா பொய் என்று பேசித் திரிகிற கூட்டத்தில் நானும் ஒருவன் என்று அவர் எண்ணியிருப்பார்.

அதன் பிறகு மூன்று கிழமை, டீச்சர் பலகையோடு ஒட்டி நின்று, முகக்கவசத்தை நாடிக்கு இறக்கிப் படிப்பித்தார். என் மகள் வீட்டுக்கு ஓடி வந்தாள். தேங்கின தண்ணீரில் நுளம்பு எப்படி முட்டையிடும், கடலோடு சேருகிற களப்புத் தண்ணீர் ஏன் உப்பாக இருக்கிறது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எங்களுக்குச் சொன்னாள். நான் சந்தோஷப்பட்டேன். ஒருநாள் பின்னேரம் மிளகாய்ச் சாக்கு ஏற்றப் போனபோது பஸ் தரிப்பிடத்தில் டீச்சரைக் கண்டேன். போத்தல் தண்ணீரால் முகத்தையும் கையையும் கழுவினார். பழைய முகக்கவசத்தைப் பையில் சுற்றி எறிந்துவிட்டு, புதியது ஒன்றைப் போட்டார். பிறகு திரும்பவும் கையைக் கழுவினார். நான் சாக்குக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

நான்காவது கிழமை அவர் வரவில்லை. வீட்டுக்குப் பக்கத்துப் பாடசாலைக்கு மாற்றம் கேட்டுப் போய்விட்டார் என்றார்கள்.

அடுத்து வந்த ஆசிரியர் ஓர் இளம் சேர். நல்ல மனிதர். கொஞ்ச நாளில் முகக்கவசமும் எல்லோருக்கும் இல்லாமல் போனது. ஆனால் அவர் ஒரு இடத்தில் நிற்கமாட்டார். வாங்குகளுக்கு நடுவே நடந்து நடந்து படிப்பிப்பார். அவர் பின்னால் போனால் மகளுக்குப் பாடம் இல்லை. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் அவள் எடுத்த புள்ளியை நான் இங்கே எழுதவில்லை. பெரிய பாடசாலைக்குப் போனதும், உயரமான பிள்ளை என்று பின் வாங்கில் போட்டார்கள். இந்தத் தடவை கண் என்று சொல்லவும் நான் போகவில்லை. அவளும் கேட்கவில்லை. எதையும் கேட்பதை அவள் விட்டிருந்தாள்.

இந்த வருடம் நோன்புக்கு முந்திய மாதம் புத்தளம் பஸ் நிலையத்தில் அந்த டீச்சர் என்னைக் கண்டு கிட்ட வந்தார்.

“மகள் எப்பிடி? கண்ணுக்குக் கண்ணாடி எடுத்தனீங்களா?”

அந்தக் கேள்விக்குத்தான் எனக்கு வாய் திறந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். கோர்வையாகச் சொன்னேனா என்று தெரியாது.

“பாங்கில காசு குடுக்கிறவை முகத்துக்கு முன்னால கண்ணாடி மாதிரித் தகடு போட்டிருந்தவை, கண்டிருப்பியள். சொல்லியிருந்தால் நானும் அதில ஒண்டு வாங்கிப் போட்டிருப்பன். பிள்ளைக்கு வாய் தெரிஞ்சிருக்கும். நானும் பயப்பிடாமல் நிண்டிருப்பன்.” கொஞ்சம் நிறுத்தி, “மிஷின் வைச்சிருந்தாலும் முக்காட்டுக்குள்ள ஆருக்கு அண்ணை தெரியப்போகுது?” என்றார்.

“மன்னிச்சுக்கொள்ளுங்க டீச்சர்.”

“அந்த மூண்டு கிழமையும் நான் வீட்டில சமைச்சு வைச்சிட்டுத் தள்ளி நிண்டுதான் அவருக்குச் சாப்பாடு குடுத்தனான்” என்றார். அவருடைய பஸ் வந்தது. ஏறிப் போனார்.

அடுத்த கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். எனக்குத் தடிமனும் தும்மலுமாக இருந்ததால் வாசலில் ஒரு முகக்கவசம் தந்தார்கள். காதைச் சோதித்த டொக்டர் அம்மா, “எப்பயிலருந்து கேக்குறல்ல?” என்றார். ‘இந்த வருஷம்தான்’ என்று சொல்லத்தான் நினைத்தேன்.

“மாஸ்க இறக்கிட்டுச் சொல்லுங்க. புள்ளைக்கும் விளங்கட்டும்.”

இறக்கினேன். “ஸ்கூல் போக முந்தியே தெரியும்” என்றேன். “ஏழு வருஷம்.”

மிஷின் கிடைக்கும் என்றார் டொக்டர். முதலிலேயே வைத்திருந்தால் பழகியிருப்பாள், இனிச் சில சத்தங்கள் பிடிபடாமலே போகலாம் என்றும் சொன்னார். மகள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தனக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று மட்டும்தான் வாப்பாவுக்குத் தெரியும், கண்ணில்தான் பெரிய குறை என்று நம்பியிருக்கிறார் என்று அவள் இவ்வளவு காலமும் நினைத்திருந்தாள். காது இவ்வளவு மோசம் என்று தெரிந்தால் நாங்கள் உடைந்து போவோம் என்று, என் முன்னால் கொப்பியைக் கண்ணருகே பிடித்து வாசித்தும் காட்டியிருக்கிறாள். இதைப் பிறகு அவள் உம்மாவிடம் சொல்லித்தான் நான் அறிந்தேன்.

வரும்போது பஸ்ஸில் என் பக்கம் திரும்பி, “தெரிஞ்சும் ஏன் டீச்சருக்குச் சொல்லல்ல?” என்று கேட்டாள்.

நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவள் தலையை ஆட்டினாள்.

“பாதி விளங்கல்ல வாப்பா. எழுதித் தாங்க.”

அது நடந்து எட்டு மாதம். ‘மகளுக்கு’ என்று மேலே எழுதிவிட்டு எத்தனையோ தாளைக் கிழித்தேன். அவளைப் பார்த்துச் சொல்வதுபோல எழுதினால் கை ஓடவில்லை. அதனால் தெரியாத யாருக்கோ சொல்வதுபோல எழுதியிருக்கிறேன். ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்கு இதில் பதில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. நாளைக்குக் காலையில் அவள் கையில் கொடுக்கப் போகிறேன்.

2024 ஒக்டோபர் 18, வெள்ளிக்கிழமை.