கோயிம்பிராவில் எடுத்த படம்

போன இலையுதிர்காலத்தில், எங்கள் வீட்டுக்குக் கிட்ட உள்ள நூலகத்தில் புகைப்படக் கழகத்தார் ஒரு கண்காட்சி வைத்தார்கள். என் படங்களுக்கென்று ஒரு சுவர் முழுவதையும் ஒதுக்கித் தந்தார்கள். பிள்ளைகள் இருவரும் வேலைக்குப் போய்த் தனியே இருக்கத் தொடங்கிய பிறகு, மனைவியும் நானும் ஐரோப்பாவுக்குப் போய்வந்த பயணங்களில் எடுத்த படங்கள் அவை. கற்கள் பதித்த தெருக்கள், பழைய தேவாலயங்களின் கோபுரங்கள், மலைச்சரிவில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கும் ஓட்டுக்கூரைகள். ஒன்றிலும் ஆட்கள் இல்லை. ஆள் இல்லாத தெருதான் எனக்குப் பிடிக்கும். அதற்காக விடியுமுன் எழும்பிப் போவேன். மனைவியும் வருவாள். அந்தப் பயணங்களில் நான் அவளிடம் அதிகம் சொன்ன வார்த்தை, "கொஞ்சம் தள்ளி நில்லும்" என்பதுதான்.

சுவரின் நடுவில் பெரிதாகத் தொங்கியது போர்த்துக்கலில் உள்ள கோயிம்பிராவின் படம். அந்தியின் கடைசி வெளிச்சம் கூரைகளில் படிந்திருக்க, கீழே ஆறு செம்பு நிறத்தில் கிடக்கும். அதை எடுத்த மாலை, பழைய நகரத்தின் செங்குத்தான படிகளில் நாங்கள் ஏறிக்கொண்டிருந்தோம். தேய்ந்து வழவழத்த கற்கள். பாதி வழியில் அவள் மூச்சு வாங்க நின்றாள்.

"நீங்கள் போங்கோ. வெளிச்சம் போயிடும். நான் மெதுவா வாறன்," என்றாள்.

நான் ஓடினேன். மேலே மதிலோரம் இடம் பிடித்து, சூரியன் மேகத்துக்குள்ளிருந்து வெளியே வரக் காத்துக்கொண்டு நின்றபோது, பையில் இருந்த தொலைபேசி அடித்தது. எடுத்துப் பார்த்தேன். அவள்தான். எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்கப் போகிறாள், பிறகு பேசலாம் என்று திரும்பப் பைக்குள் போட்டேன். மறுபடியும் அடித்தது. சத்தத்தை நிறுத்திவிட்டேன்.

இருட்டிய பிறகு இறங்கி வந்தேன். அவள் படியில் அமர்ந்திருந்தாள். கால் பிரண்டு வீங்கியிருந்தது. பக்கத்துக் கோப்பிக் கடையில் வேலை செய்யும் பெண் ஒருத்தி, துணியில் ஐஸைச் சுற்றி அவளது கணுக்காலில் பிடித்துக்கொண்டு, குந்தியிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து போர்த்துக்கேய மொழியில் ஏதோ சொன்னாள். எனக்கு விளங்கவில்லை. முகத்தைப் பார்த்தால் நல்ல வார்த்தையாகத் தெரியவில்லை.

மனைவி கேட்டது இதுதான்: "வெளிச்சம் கிடைச்சதோ?"

"ஓம்," என்றேன். கமராவின் சின்னத் திரையில் அந்தப் படத்தை அவளுக்குக் காட்டவும் செய்தேன். காலைப் பற்றிக் கேட்டது அதற்குப் பிறகுதான்.

கண்காட்சியின் முதல் நாள் மாலையில் கழகத்தின் தலைவர் அந்தப் படத்தின் முன் நெடுநேரம் நின்றார். இந்தக் கெபெக் மண்ணிலேயே பிறந்தவர், நல்ல மனிதர். இந்த வெளிச்சத்துக்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்று பிரெஞ்சில் புகழ்ந்தார். நானும் உற்சாகமாக, மேகம் மூடியதையும் நான் அசையாமல் நின்றதையும் விவரித்துக்கொண்டிருந்தேன். மனைவி ஒரு தட்டில் பலகாரத்தோடு என் பக்கத்தில் நின்றாள்.

அப்போது எங்கள் கத்தோலிக்கக் கோயில் பாடகர் குழுவில் அவளோடு பாடுகிற அக்கா வந்தார். மன்னார்க்காரி, மனதில் பட்டதைக் கேட்டுவிடுவார். சுவரை ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"எல்லாம் வடிவான படங்கள்தான் தம்பி. எங்கட ஆளை ஒண்டிலையும் காணேல்லையே. அவ வரேல்லையோ?"

நான் வாயைத் திறக்குமுன் மனைவி சொன்னாள்: "இல்லையக்கா. எனக்கு கார்டெரியில லீவு தரேல்லை. இவர் தனியத்தான் போனவர்."

சிறுபிள்ளைகள் காப்பகத்தில் வேலை செய்கிறாள் அவள். ஒவ்வொரு பயணத்துக்கும் மாதக்கணக்கில் முன்பே சொல்லிவைத்து லீவு எடுத்தவள். அவள் சொன்னது பொய் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தலையை ஆட்டினேன். அக்கா என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு அடுத்த சுவருக்குப் போனார்.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன்: "ஏன் அப்பிடிச் சொன்னனீர்?"

"போனனான் எண்டால், எங்கை உம்மட படம் எண்டு என்னட்டைக் கேப்பினம். பிறகு நான் உங்களைப் பற்றித்தானே கதைக்கவேணும்?" கோபம் இல்லாமல்தான் சொன்னாள்.

அன்றிரவு கணினியில் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து அவளைத் தேடினேன். பெல்ஜியத்தில் ஒரு கால்வாய்க் கரையில் எடுத்த படத்தின் ஓரத்தில் அவளது சிவப்புச் சால்வை கொஞ்சம் விழுந்திருந்தது. கண்காட்சிக்குக் கொடுத்த பிரதியில் அதுவும் இல்லை. அழித்தவன் நான்தான். சுவரின் கற்களை நகலெடுத்து ஒட்டி, சால்வை இருந்த அடையாளமே தெரியாமல் செய்திருந்தேன். அந்த வேலை நன்றாக அமைந்தது என்று அப்போது மகிழ்ந்ததும் நினைவு வந்தது.

ஞாயிறு பூசை முடிந்து, வாசலில் அக்காவைத் தனியே கண்டேன். "அக்கா, அண்டைக்கு அவ சொன்னது உண்மையில்லை. எல்லாப் பயணத்துக்கும் அவவும் வந்தவ."

"தெரியும்," என்றார். "அவ கால் பிரண்டு படியில இருந்ததை, நீங்கள் வந்த கிழமையே உம்மட மகள் எனக்குச் சொல்லிப்போட்டாள். நீர் என்ன சொல்லுவீர் எண்டு பாக்கத்தான் கேட்டனான்."

நான் குனிந்து நின்றேன். அவர் கையுறைகளை மாட்டிக்கொண்டு பேருந்துக்குப் போய்விட்டார்.

கோயிம்பிராப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிவிடுகிறேன் என்று மனைவியிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். "படம் என்ன செய்தது? நல்ல படம்தானே. கிடக்கட்டும்." மன்னிப்புக் கேட்டேன். "ஓம், சரி," என்றாள், மா குழைத்துக்கொண்டே. ஒருவர் மன்னித்ததும் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்திருந்தேன். இறங்கவில்லை.

இந்தக் கோடையில் இத்தாலிக்குப் போவோமா என்று கேட்டேன். கமரா வேண்டாம் என்றும் சொன்னேன். தான் வரவில்லை என்றாள். பாடகர் குழுவினரோடு பஸ்ஸில் சென்ட்-ஆன்-த-போப்ரே திருத்தல யாத்திரைக்குப் பெயர் கொடுத்துவிட்டாளாம். நானும் வரலாமா என்று கேட்டேன். பஸ்ஸில் இடமில்லை என்றாள். உண்மையில் இல்லையா என்று நான் விசாரிக்கவில்லை.

யாத்திரை முடிந்து திரும்பி வந்த மாலை, குசினியில் சாப்பாட்டு மேசை முன் அமர்ந்து மகளுக்குத் தொலைபேசிப் படங்களை ஒவ்வொன்றாக அனுப்பிக்கொண்டிருந்தாள். பின்னால் நின்று பார்த்தேன். அவள் ஆற்றங்கரைப் புல்லில் சாப்பாட்டுப் பெட்டியோடு இருந்தாள், பெண்களுக்கு நடுவே வாய் திறந்து சிரித்தாள், காற்றில் தலைமுடி கலைந்து நின்றாள். அந்தச் சிரிப்பை நான் வெகுகாலமாகப் பார்த்திருக்கவில்லை. யாரோ ஒரு தோழி, ஒன்றும் யோசிக்காமல் எடுத்திருந்தாள்.

எனக்கும் ஒன்று அனுப்பும் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்க முடியவில்லை. தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைக்கப் போனேன்.