புல்கானின் என்கிற மரிய அந்தோணி

பெரம்பூர் மில்லில் தறி ஓட்டிய சவரிமுத்துவுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பூசையும் தப்பக்கூடாது, அன்றாடப் பத்திரிகையும் தப்பக்கூடாது. ரஷ்யா என்றால் அவருக்கு உழைப்பாளி ஆளுகிற தேசம். அங்கே சாமி கும்பிட விடமாட்டார்களாமே என்று யாராவது கேட்டால், "பேப்பர்ல அப்படி ஒண்ணும் வரலையே" என்று முடித்துவிடுவார். தன் வீட்டில் ஆண் பிள்ளை பிறக்கும்போது அந்தத் தேசத்தில் யார் பிரதமரோ, அவர் பெயரைத்தான் பிள்ளைக்கு வைப்பார்.

ஐம்பத்து மூன்றில் பிறந்த மூத்தவன் மாலென்கோவ். ஐம்பத்தைந்து நவம்பரில், ரஷ்யப் பிரதமர் மதராஸுக்கே விருந்தாளியாக வந்த வாரத்தில் பிறந்தவன் புல்கானின். அடுத்து வந்தது குருஷேவ் காலம். பிறந்தது பெண்ணாகப் போனதால் எலிசா தப்பித்தாள். கடைக்குட்டி கோசிகின்.

சவரிமுத்துவின் மனைவி புருஷனை எதிர்த்துப் பேசுகிறவள் இல்லை. ஆனால் ஞானஸ்நானத்தன்று சாமியார் "பிள்ளைக்கு என்ன பேர்?" என்று கேட்டால் அவள்தான் முந்திக்கொண்டு பதில் சொல்வாள். அப்படித்தான் புல்கானினுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு பேரும் கோயில் பதிவில் மரிய அந்தோணி என்று இன்னொரு பேரும் ஆயிற்று. அப்பாவுக்கு அவன் 'புல்கா', அம்மாவுக்கு 'அந்தோணி'. இரண்டுக்கும் ஓடிப் போய் நின்று வளர்ந்தான்.

பேர் கொடுத்தவர்களின் கதைதான் ஒவ்வொரு விதமாகப் போயிற்று. மூத்தவனுக்குப் பேச்சு திருந்துமுன்னே அந்த மாலென்கோவுக்குப் பதவி போய், பிற்பாடு எங்கோ தூரத்து மின்சார நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும்படி அனுப்பிவிட்டார்கள். இங்கே அண்ணனும் வளர்ந்து மின்சார வாரியத்திலேயே வேலைக்குச் சேர்ந்தான். தெருவே சிரித்தது. அந்தப் புல்கானினோ மூன்றே வருடம் நாற்காலியில் இருந்தார். பிறகு அவரையும் இறக்கி வெளியூருக்கு அனுப்பி, கடைசியில் பென்ஷன் கொடுத்து உட்கார வைத்தார்கள். கோசிகின் மட்டும் பதினாறு வருடம் அசையவில்லை. "உங்க ஆளுங்க ரெண்டு பேரும் டிஸ்மிஸ். என் ஆளு பர்மனென்ட்" என்று தம்பி அண்ணன்மார்களைச் சீண்டுவான்.

சவரிமுத்து கண்ணை மூடிய மறு வருடம் புல்கானின் அமெரிக்காவுக்குப் படிக்க வந்தான். படித்து முடித்து, பார்சிப்பனி என்ற ஊரில் கம்ப்யூட்டர் வேலை. குடியிருப்பு ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில். ஊரில் சவரிமுத்து என்பது முன்னால் நிற்கிற ஓர் இனிஷியல். இந்த ஊர்க்காரர்கள் அதை முதல் பேராக்கி, புல்கானினைக் குடும்பப் பேராக்கிவிட்டார்கள். கல்யாணமாகி வந்த ஜெயலீலா விமானத்தை விட்டு இறங்கியதும் மிஸஸ் புல்கானின். பங்குக் கோயில் அம்மாள் ஒருத்தி, பக்கத்து ஊரில் ரஷ்ய மொழியில் பூசை நடக்கிற இடத்தின் விலாசத்தை அன்போடு எழுதி அனுப்பியிருந்தாள்.

இப்படியே சிரிப்பாகப் போயிருக்கும். ஆனால் எண்பத்தைந்தாம் வருடம் மே மாதம் கிரீன் கார்டுக்கு நேர்காணல் வந்தது.

ஜூலையோடு அவனுடைய வேலை விசா முடிகிறது. ஜெயலீலாவுக்கு ஆறாம் மாதம். நீண்ட பயணம் வேண்டவே வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கார்டு இல்லையென்றால் அந்த வயிற்றோடு விமானம் ஏற வேண்டும்.

அலுவலக சிநேகிதன் பசுபதி வேறு பயம் காட்டினான். "இந்த ஊர்ல ரஷ்யான்னாலே மூஞ்சி சுளிக்கிறான். நீ பேரையே கொண்டுபோய் டேபிள் மேல வைக்கப் போற. கோர்ட்ல அப்ளை பண்ணி பேரை மாத்திடு மச்சி. ஒரு மாசம் கூட ஆகாது."

"எங்கப்பா வெச்சதுடா."

"உங்கப்பா இன்டர்வியூவுக்கு வரமாட்டாரே."

புல்கானின் கோர்ட்டுக்குப் போகவில்லை. பேரையும் மாற்றவில்லை.

நேர்காணலுக்கு இரண்டு நாள் முன்பு ஊரிலிருந்து ஞானஸ்நானச் சான்று வந்தது. அவன் பிறந்ததை முனிசிபாலிட்டியில் யாரும் பதியவில்லை. பிறப்புச் சான்றுக்குப் பதிலாகக் கோயில் சான்றைக் காட்டலாம் என்று இமிக்ரேஷன்காரர்கள் சொல்லியிருந்தார்கள். உறையைப் பிரித்து மற்றக் காகிதங்களோடு சேர்த்து வைத்தான்.

நேர்காணல் நடக்கிற நெவார்க்குக்குப் போகிற டர்ன்பைக் நெடுஞ்சாலையில் கார் ஓடிக்கொண்டிருந்தது. ஜெயலீலா மடியில் ஃபைலை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டு வந்தாள்.

"ஏங்க, இந்த சர்டிஃபிகேட்ல மரிய அந்தோணின்னு இருக்கு."

"ஆமா. கோயில் பேர்."

"ஃபார்ம்ல, 'இதுக்கு முன்னாடி வேற பேர் ஏதாவது இருந்துச்சா'ன்னு கேட்டிருக்கான். நீங்க 'இல்லை'ன்னு போட்டிருக்கீங்க."

"அது வேற பேர் இல்லையே லீலா. அதுவும் என் பேர்தானே."

"நமக்குத் தெரியும். அவனுக்கு எப்படித் தெரியும்? கீழே கையெழுத்து வேற போட்டிருக்கீங்க, எல்லாம் உண்மைன்னு."

வேறு பேர் என்றால் திருடனும் தலைமறைவாகத் திரிகிறவனும் வைத்துக்கொள்வது என்றுதான் ஃபாரத்தை நிரப்பும்போது அவன் நினைத்தான். கோயில் பேரும் பள்ளிக்கூடப் பேரும் அவனுக்கு வலது கை, இடது கை. இப்போது பார்த்தால், பேரை மறைத்தவன் என்று கூண்டில் நிற்கிற நிலை.

"அந்தச் சான்றைக் காட்டாம விட்டுட்டா?" என்றான்.

"பொறந்ததுக்கு வேற என்னத்தைக் காட்டுவீங்க? நாமளே முந்திச் சொல்லிடுவோம். உண்மையைச் சொல்றவனை மாதா கைவிட மாட்டா" என்று ஜெயலீலா ஜெபமாலையை எடுத்தாள். மீதி வழி முழுவதும் அவள் முன்மொழிய, அவன் பதில் சொல்லிக்கொண்டு ஓட்டினான்.

நேர்காணல் அறையில் இருந்த அதிகாரிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். இருவரையும் வலது கையைத் தூக்கச் சொல்லி, சத்தியம் வாங்கி, உட்காரச் சொன்னார். ஃபைலைத் திறந்தவர் முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

"புல்கானின்" என்றார் மெதுவாக. அந்தப் பேரை அவ்வளவு சுத்தமாக உச்சரித்த அமெரிக்கரை அவன் அதுவரை பார்த்ததில்லை.

"நான் ஹங்கேரியில் பிறந்தவன். ஐம்பத்தாறில் ரஷ்ய டாங்கிகள் எங்கள் தெருவுக்குள் வந்தன. எனக்கு அப்போது பதினாறு வயது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்திரியா எல்லை வரைக்கும் நடந்தேன். அன்றைக்கு ரஷ்யாவில் பிரதமர் யார் தெரியுமா?"

"தெரியும் சார்" என்றான்.

"உங்கள் அப்பா எதற்காக அந்தப் பேரை வைத்தார்?"

ஜெயலீலா மேசைக்கடியில் அவன் கையைத் தொட்டாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். மில், பத்திரிகை, அண்ணன், தம்பி, தப்பித்த தங்கை, எல்லாம். "அப்பா பேப்பர்ல வந்ததை மட்டும்தான் சார் பார்த்தார். டாங்கி விஷயம் அவருக்கு எவ்வளவு தெரியும்னு எனக்குத் தெரியாது. மில் சங்கத்துல இருந்தார். நான் எந்தக் கட்சியிலயும் இருந்ததில்லை." மூச்சு வாங்கிக்கொண்டு, "இன்னொண்ணு சார். ஃபார்ம்ல ஒரு தப்பு இருக்கு. வேற பேர் இல்லைன்னு எழுதிட்டேன். எனக்கு ஞானஸ்நானப் பேர் ஒண்ணு இருக்கு. அம்மா அதைச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க" என்று சான்றை எடுத்து வைத்தான்.

அதிகாரி படித்தார். மரிய அந்தோணி. பங்குச் சாமியாரின் முத்திரை. ஞானஸ்நானம் கொடுத்த டிசம்பர் மாதத் தேதி.

"அப்பாவுக்கு ஒரு பேர், அம்மாவுக்கு ஒரு பேர்" என்றவர், ஜெயலீலா பக்கம் திரும்பினார். "நீங்கள் எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவீர்கள்?"

ஜெயலீலாவுக்கு முகம் சிவந்துவிட்டது. நான்கு வருடக் கல்யாணத்தில் அவள் இரண்டில் ஒன்றைக்கூட வாயால் சொன்னதில்லை. சத்தியம் செய்திருக்கிறாளே, பொய்யும் சொல்லக்கூடாது.

"ஏங்க" என்றாள்.

அதிகாரி பேனாவை எடுத்தார். "மூன்றாவது பேரா? எப்படி எழுதுவது, எழுத்துச் சொல்லுங்கள்."

"ஐயோ, அது பேர் இல்லை சார்" என்று புல்கானின் பதறினான். "எங்க ஊர்ல பொண்டாட்டி புருஷன் பேரைச் சொல்லமாட்டாங்க. அப்படின்னா... 'இங்கே கேளுங்க'ன்னு அர்த்தம்."

அவர் நிமிர்ந்து இருவரையும் பார்த்தார். உதடு மெல்ல விலகியது. பிறகு நன்றாகவே சிரித்துவிட்டார். "என் மனைவியும் அதைத்தான் சொல்கிறாள். அவள் சொல்கிற விதம் வேறு."

'இல்லை' என்பதைக் கோடிட்டு அடித்து, மேலே மரிய அந்தோணி என்று எழுதி, அவனை அந்த இடத்தில் சின்னக் கையெழுத்துப் போடச் சொன்னார். இன்னும் பத்துப் பன்னிரண்டு கேள்விகள் கேட்டார். கடைசியில் இருவருடைய பாஸ்போர்ட்டிலும் நிரந்தரமாகத் தங்கலாம் என்ற முத்திரை விழுந்தது.

"அந்த மனிதர் இந்தப் பேரோடு நாற்காலியில் மூன்று வருடம்தான் தாக்குப்பிடித்தார். நீங்கள் முப்பது வருடமாகச் சுமக்கிறீர்கள். இனி இது உங்கள் பேர்" என்று பாஸ்போர்ட்டை நீட்டினார்.

காருக்கு வந்து கதவைச் சாத்திய பிறகும் புல்கானினுக்குச் சாவியைத் திருப்ப வரவில்லை. ஜெயலீலா அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். காலையிலிருந்து இருவரும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பின்சீட்டிலிருந்து எலுமிச்சம்பழச் சாத டப்பாவை எடுத்தவள் மூடியைத் திறக்காமல் கேட்டாள்.

"ஏங்க, அந்த ரஷ்யாக்காரர் இருக்காரா?"

"செத்து பத்து வருஷம் ஆச்சு."

"அவருக்காக யாராவது வேண்டிக்கிட்டிருப்பாங்களா?"

அவனுக்குத் தெரியவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவரின் முகமும் நினைவுக்கு வந்தது. ஜெயலீலா அந்த ஆத்துமத்துக்காக ஒரு ஜெபமும், ஐம்பத்தாறில் எல்லைக்கு நடந்த தாய்க்கும் மகனுக்குமாக ஒரு ஜெபமும் சொன்னாள். அவன் ஆமென் சொன்னான். பிறகுதான் மூடியைத் திறந்தாள்.

இரண்டு வாய் சாப்பிட்டதும் அவனுக்கு உயிர் வந்தது. அவள் வயிற்றைப் பார்த்தான்.

"லீலா, இப்போ அங்கே பிரதமர் யாருன்னு தெரியுமா?"

"சொன்னீங்கன்னா மீதிச் சோறு உங்களுக்குக் கிடையாது" என்றாள் ஜெயலீலா.

அவன் சொல்லவில்லை. மீதிச் சோற்றையும் சாப்பிட்டுவிட்டு வண்டியை எடுத்தான்.