ராணியின் வீட்டுப் பேச்சு

கண்டி ஏரிக்கரையில், அந்தக்கால ராணிகள் குளித்த மண்டபத்தின் முன் நிற்கிறேன். சிங்கள அரசனுக்கு வாழ்க்கைப்பட்டு மதுரையிலிருந்து வந்த ராணியைத் தேடி, அதே மதுரையிலிருந்து நானும் வந்திருக்கிறேன்.

நடைபாதையைக் கூட்டும் மாநகர சபை ஊழியர் லெச்சுமி, இதே ஊரில் துப்புரவுத் தொழிலாளர்கள் வாழும் மஹய்யாவயைச் சேர்ந்தவர். "இங்க என்னங்க பாக்குறீங்க?" என்கிறார். ராணியோடு அவள் உறவினர்களும் வந்து பக்கத்திலேயே ஒரு தெருவில் குடியேறிய கதையைச் சொல்கிறேன்.

"அப்ப நம்ம தமிழ் ஆளுங்களா?"

"வீட்ல தெலுங்கு பேசுனவங்கன்னு சொல்றாங்க."

அவர் கூட்டுவதை நிறுத்துகிறார்.

"எங்க அம்மாவும் வீட்ல தெலுங்குதாங்க பேசுவாங்க. வெளிய கேட்டா தமிழ்னு சொல்லச் சொல்வாங்க. இப்ப நாங்க யாருங்க?"

ராணி யார் என்று தெரிந்துகொள்ள வந்தவள் நான்.

"வேலை முடிஞ்சு வந்தா, 'அன்னம் தின்னாவா'ன்னு, சோறு சாப்பிட்டியான்னு, அம்மா கேப்பாங்க. எனக்கு அது ஒண்ணுதான் ஞாபகம் இருக்கு" என்கிறார் லெச்சுமி. "ராணியும் ராஜாகிட்ட அப்படித்தான் கேட்டிருப்பாங்களா? அவருக்குப் புரிஞ்சிருக்குமா?"

"தெரியலைங்க" என்கிறேன்.