ஒரே பிள்ளை படித்த பால்வாடி

கொரோனா வந்து பள்ளிக்கூடங்களைப் பூட்டிய வருடம் நான் ஐந்தாம் வகுப்பு. எனக்காவது பாடம் டிவியில் வந்தது. மூன்று வயதுத் தம்பிக்குப் பால்வாடிதான் உலகம். அதன் கதவில் பெரிய பூட்டு. கட்டட வேலைக்குப் போன அப்பா பெங்களூரிலேயே மாட்டிக்கொண்டார். அம்மா பக்கத்து ஊர்த் தக்காளிக் காட்டுக்குப் பறிப்பு வேலைக்குப் போய்த்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது.

முதலில் தம்பியையும் காட்டுக்கே தூக்கிக்கொண்டு போனாள். "சின்னப் புள்ளய எல்லாம் இங்க கொண்டாராதம்மா, நோய்க் காலம். முடியலன்னா சொல்லிடு, வேற ஆள் வெச்சுக்கறேன்" என்று காட்டுக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். அன்று இரவு அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்; ஒரு வாய்கூட வைக்கவில்லை. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நாளை முதல் பால்வாடியை நானே நடத்துகிறேன் என்று அறிவித்தேன். விடிந்ததும் அம்மா என் தலையைத் தடவிவிட்டுக் கிளம்பினாள்.

நடத்தினேன் பாருங்கள்! வீட்டுக்கு முன்னால் இருந்த புங்கமரத்தடியில் கோணிச்சாக்கை விரித்தேன். இருந்த ஒரே பிள்ளைக்குப் பெயர் கூப்பிட்டேன். "உள்ளேன் டீச்சர்" சொல்லாமல் அவனை உட்கார விடவில்லை. கை கழுவ வைத்து, அவன் பால்வாடிக்குக் கொண்டுபோகும் தட்டிலேயே சத்துமாவு உருண்டை கொடுத்தேன். மதியம் சாப்பிட்டதும், பால்வாடி ஆயா செய்வதைப் போலவே தட்டிக்கொடுத்துத் தூங்க வைத்தேன். பிள்ளைகள் தூங்கியதும் ஆயாவும் வாசற்படியில் குறுக்காகப் படுத்துக்கொள்வார். காற்றுக்காகத்தான் என்று நினைத்திருந்தேன். மரத்தடியில்தான் எல்லாப் பக்கமும் காற்று வருகிறதே என்று நானும் படுத்தேன்.

விழித்தபோது சாக்கில் அவன் இல்லை. தட்டும் இல்லை. கிணற்றை எட்டிப் பார்த்தேன். அவன் பெயரைக் கத்திக்கொண்டே புளியந்தோப்பு முழுக்க ஓடினேன். வேலை முடிந்து வந்துகொண்டிருந்த அம்மா என் முகத்தைப் பார்த்ததுமே சாப்பாட்டுத் தூக்கைக் கீழே போட்டுவிட்டு அவளும் ஓடினாள். தெருத்தெருவாகத் தேடிக் கடைசியில் பால்வாடிக்கு வந்தோம். பூட்டிய கதவுக்கு எதிரே, தட்டை மடியில் வைத்துக்கொண்டு, தம்பி ஐயா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"டீச்சர் இன்னும் வரலம்மா" என்றான்.

அம்மா அவனை வாரி எடுத்துக்கொண்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அடி விழப்போகிறது என்று நான் எட்டவே நின்றேன். விழவில்லை. அப்போதுதான் அந்த வாசற்படியை நன்றாகப் பார்த்தேன். அட, ஆயா இதற்காகத்தான் குறுக்கே படுத்தாரா! எனக்குப் பழைய தெம்பு திரும்பிவிட்டது.

"இனிமே மரத்தடி வேணாம்மா. வூட்டுக்குள்ளயே தூங்க வெச்சிட்டு, நான் வாசப்படியில குறுக்கப் படுத்துக்கறேன். என்னத் தாண்டி எப்படிப் போறான்னு பாக்கறேன். நீ நாளைக்கு தைரியமா வேலைக்குப் போ" என்றேன்.

அம்மா என்னையும் இழுத்து மடியில் போட்டுக்கொண்டு ஓவென்று அழுதாள். தம்பிதான் கிடைத்துவிட்டானே. நாளைக்கு வழியும் நான் சொல்லியாயிற்று. இன்னும் எதற்கு இந்த அம்மா அழுகிறாள் என்று எனக்குக் கோபம்கூட வந்தது.