நாற்றுகளுக்காக மூட்டிய நெருப்பு

சில வருடங்களுக்கு முன், தைப்பொங்கல் முடிந்த வாரத்தில் நடந்தது இது. இடம், பலாங்கொடைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தின் கடைசி டிவிஷன். இரத்தினபுரி மாவட்டம் என்றதும் மழை, வெள்ளம், மாணிக்கக் குழி என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். இங்கே பனி உறையும் என்று சொன்னால் குருவிட்டையில் இருக்கும் என் சொந்தக்காரர்களே சிரிப்பார்கள். ஆனால் எங்கள் டிவிஷன் ஹோர்ட்டன் சமவெளிக்குக் கீழே, மலையின் விளிம்பில் இருக்கிறது. தை மாதத்தில் மழை நின்று வானம் தெளிந்துவிட்டால், சில விடியற்காலைகளில் பள்ளத்துப் புல்லெல்லாம் உப்புத் தூவியது போல வெள்ளையாகக் கிடக்கும். வெயில் பட்டதும் அது கரைந்துவிடும். அதன் கீழே இருந்த இலை மட்டும் வெந்நீர் ஊற்றியது போலக் கருகிப்போகும்.

அந்த வருடம் எனக்கும் என் அண்ணிக்கும் அந்தப் பனி பெரிய பயமாக இருந்தது. அண்ணி என்றால் என் அண்ணனின் மனைவி. என்னைவிட வயதில் இளையவர். அண்ணன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தான். பண்டிகைக்குத்தான் வருவான். அண்ணி பகலில் கொழுந்து பறிப்பார், அந்தியில் காணியில் நிற்பார். தேயிலை அழிந்து மானாப்புல் மண்டிக் கிடந்த ஒரு துண்டு நிலத்தைத் தோட்டத்தில் கேட்டு வாங்கி, நாங்கள் இருவரும் பெஷன் பழக்கொடி போட்டிருந்தோம். கூடவே ஒரு பொலித்தீன் கூடாரம் அடித்து, பைகளில் நாற்று வளர்த்தோம். கொடியும் பப்பாசியும் வைக்க நினைத்த கீழ்நாட்டு ஆட்கள் மாசி பிறந்ததும் வந்து விலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள்.

இந்த நாற்று சரியாக வந்தால் அண்ணி சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போக வேண்டியதில்லை. அதுதான் விஷயம். பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தார். மகளுக்கு அப்போதுதான் பேச்சுத் திருந்த ஆரம்பித்திருந்தது. "இவ என்னைய அம்மான்னு முழுசா கூப்புட ஆரம்பிச்சிருக்கா, இப்ப போய் எப்புடி விட்டுட்டுப் போறது?" என்று அண்ணி அடிக்கடி சொல்வார்.

பொங்கலுக்குப் பிறகு வந்த முதல் பனியிலேயே பந்தலில் இருந்த கொடிகள் போய்விட்டன. ஈரச் சருகைக் கொளுத்திப் புகை போட்டுப் பார்த்தோம். காற்று புகையைப் பள்ளத்தின் மறுபக்கத்துக்குத் தள்ளிக்கொண்டு போனது. காலையில் இலைகள் கறுத்துத் தொங்கின. அண்ணி ஒரு கொடியைப் பிடித்து நசுக்கிப் பார்த்தார். கையில் பச்சைத் தண்ணீர்தான் வந்தது. அவர் அழவில்லை. கூடாரத்துக்குள் போய் நாற்றுகளைப் பார்த்துவிட்டு வந்து, "உள்ள இருக்குறது தப்பிச்சிருச்சு புள்ள. இன்னொரு தடவ இப்புடி அடிச்சா இதுவும் போயிரும்" என்றார்.

மறுநாளும் வானம் தெளிவாகவே இருந்தது. அண்ணி ஒரு வழி சொன்னார். விறகு வேண்டாம், புகை இலைக்கு ஆகாது, கரி போட்டுக் கணப்பு வைப்போம், சூடு உள்ளேயே நிற்கட்டும் என்றார். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. இரண்டு பழைய இரும்புத் தாச்சிச் சட்டிகளில் கரியைக் கொட்டினோம். கூடாரத்தின் கிழிசல்களையெல்லாம் உரச் சாக்கால் அடைத்தோம். வாசலிலும் ஒரு தடித்த சாக்கைத் தொங்கவிட்டோம். பொலித்தீனில் தீ பிடித்துவிடக் கூடாதே என்பது ஒன்றுதான் எங்கள் பயம். அதனால் இரவு காவலுக்கு இருவருமே உள்ளே உட்கார்ந்தோம். பிள்ளைகளை லயத்து வரிசை வீட்டில் என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டார்.

உள்ளே இதமாக இருந்தது. அந்த மாதம் முழுக்க அப்படி ஒரு சூட்டை நாங்கள் அனுபவித்ததே இல்லை. அண்ணி கம்பளியைக்கூட எடுத்து மடித்து வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம், கொஞ்ச நேரம் கண்ணயர்ந்தோம். விடிவதற்கு முன் எனக்கு விழிப்பு வந்தபோது தலையைக் கயிறு கட்டி இறுக்கியது போல இருந்தது.

"அண்ணி, எனக்கு வாந்தி வர்ற மாதிரி இருக்கு" என்றேன்.

"எனக்கும் தலைய வலிக்குதுதான். பகலெல்லாம் மலையில நின்னோம்ல, அதான். வெளிய போயிட்டு சீக்கிரம் வா. சாக்கத் தூக்குனா குளிரு உள்ள வந்துரும்."

நான் சாக்கை விலக்கி வெளியே வந்தேன். எனக்குப் பின்னால் அவரே அதை இழுத்துச் சரிசெய்யும் சத்தம் கேட்டது. அவரிடமிருந்து நான் கேட்ட கடைசிச் சத்தம் அது.

தண்ணீர் ஓடும் கானோரம் போய் வாந்தி எடுத்தேன். திரும்ப எழுந்தால் கால் நிற்கவில்லை. அப்படியே புல்லில் விழுந்தேன். கன்னத்தில் பனி ஊசியாகக் குத்தியது. எனக்கு எல்லாம் தெரிந்தது. வானம் வெளுப்பது தெரிந்தது. கூடாரத்துக்குள் கரியின் சிவப்பு மங்கலாகத் தெரிந்தது. கூப்பிடத்தான் முடியவில்லை. வாயைத் திறந்தால் குரல் வரவில்லை. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேன் என்று சொல்ல முடியாது.

கீழே ரோட்டில் ஒரு லொறி வந்து நின்றது. லீக்ஸ் மரக்கறி ஏற்றிக்கொண்டு பலாங்கொடைக்குப் போகிற லொறி. எஞ்சினுக்கு ஊற்றத் தண்ணீர் பிடிக்க டிரைவர் இறங்கியிருக்கிறார். சிங்கள ஆள், அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. என்னைக் கண்டதும் மேட்டில் ஓடி ஏறி வந்து தூக்கி உட்கார வைத்தார். உள்ளே ஆள் இருக்கிறது என்று அவரிடம் சிங்களத்தில் சொன்னேனா, தமிழில் சொன்னேனா, கையைத்தான் காட்டினேனா, தெரியவில்லை. அவர் வாசலைத் தேடவில்லை. இடுப்பில் இருந்த கத்தியால் பொலித்தீனைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனார்.

அவரும் லொறியிலிருந்து ஓடிவந்த உதவியாளும் அண்ணியை வெளியே கொண்டுவந்து கிடத்தினார்கள். முகம் சிவந்து, நன்றாகத் தூங்கி எழுந்தவர் போல இருந்தது. நான் நிம்மதிகூட அடைந்தேன். டிரைவர் மூக்கருகே கையை வைத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்காமல் எழுந்தார். இருவரும் லீக்ஸ் மூட்டைகளை ரோட்டோரத்தில் தள்ளி இடம் செய்து, எங்கள் இருவரையும் ஏற்றினார்கள். அந்த வளைவுகளில் லொறி போன வேகம் எனக்கு நினைவில்லை. உதவியாள் என் கன்னத்தில் தட்டித் தட்டி, "நிதாகன்ன எப்பா, நங்கி! நிதாகன்ன எப்பா!" என்று கத்திக்கொண்டே வந்தார். தூங்காதே தங்கச்சி, தூங்காதே. அவர் கையெல்லாம் லீக்ஸ் வாசம்.

ஆஸ்பத்திரியில் எனக்கு மூச்சுக்கு ஒட்சிசன் வைத்தார்கள். அண்ணிக்கு ஒன்றும் வைக்கவில்லை. பக்கத்துக் கட்டிலைத் திரும்பிப் பார்த்தேன், காலியாக இருந்தது. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

யாழ்ப்பாணத்துப் பெண் டொக்டர் ஒருவர் வந்து கட்டிலோரம் நின்றார்.

"உள்ளுக்க கரி எரிச்சனீங்களோ?"

"ஆமாங்க. ஆனா புகையே இல்லீங்க. நெருப்பும் பிடிக்கலீங்க."

"அடைச்ச இடத்தில கரி எரிஞ்சா விஷ வாயு வரும் அம்மா. அது மணக்காது, கண்ணுக்கும் தெரியாது. நீங்கள் வெளியில வந்து குளிர்க் காத்தில கிடந்தபடியாத்தான் தப்பினீங்கள்."

எந்தக் குளிருக்குப் பயந்து ஓட்டை ஓட்டையாகச் சாக்கு அடைத்தோமோ, அந்தக் குளிரில் கிடந்ததால் நான் பிழைத்தேன். சூட்டில் இருந்தவர் போய்விட்டார். அதைக் கேட்டபோது எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம்.

அண்ணன் கொழும்பிலிருந்து வந்து, காரியங்களெல்லாம் முடிந்த பிறகு, பின்னேரம் தனியாகக் காணிக்குப் போனான். எனக்கு மனம் கேட்காமல் பின்னாலேயே போனேன். கூடாரத்தின் ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது. உள்ளே நாற்றுகள் அப்படியே நின்றன. ஓர் இலைகூடக் கருகவில்லை. சிலது புதிதாகத் துளிர்கூட விட்டிருந்தது. அண்ணன் அவற்றை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு பொலித்தீனைப் பிடித்து இழுத்து இழுத்துக் கிழித்தான். கம்புகளைப் பிடுங்கிப் போட்டான். நாற்றுகளைத் தொடவில்லை. அவை திறந்த வானத்தின் கீழ் வரிசையாக நின்றன.

"அண்ணே, பனி அடிச்சிரும்" என்றேன். வாயில் தானாக வந்துவிட்டது.

"அடிக்கட்டும்" என்றான்.

நான் தடுக்கவில்லை. அடுத்த தெளிந்த காலையில் எல்லாம் கறுத்துவிட்டன. அண்ணி இருந்தால் எங்கள் இருவரையும் திட்டியிருப்பார் என்று இப்போது நினைக்கிறேன். அன்று எனக்கு அண்ணன் செய்ததுதான் நியாயமாகத் தெரிந்தது.

லயத்தில் கதை வேறு மாதிரிப் பரவியது. "பனி அடிச்சு செத்துட்டா" என்றார்கள். அந்தப் பள்ளத்தில் ஏதோ இருக்கிறது, பெண்கள் போகக் கூடாது என்றார்கள். சாவு வீட்டில் யார் யாரைத் திருத்துவது? நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அடுத்த தை மாதம், ஓர் அந்தி நேரம். நான்கு வீடு தள்ளிக் குழந்தை பிறந்திருந்த வீட்டுக்குப் பார்க்கப் போனேன். கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தி, ஜன்னல் இடுக்கில் துணியும் செருகி, கட்டிலுக்கு அடியில் கரிச்சட்டி வைத்திருந்தார்கள். நேரே போய் ஜன்னலைத் திறந்தேன்.

"என்னக்கா செய்றீங்க? பச்சப் புள்ள விறைச்சுப் போயிரும்!" என்று அந்தப் பெண் பதறினாள்.

அவள் புருஷன் எழுந்து வந்தான். "எங்க வீட்டுல வந்து நீங்க என்ன நாட்டாம பண்றீங்க? உங்க அண்ணி மாதிரி பனியில சாகச் சொல்றீங்களா?"

"அண்ணி பனியில சாகல தம்பி" என்றேன். "இதுலதான் செத்தாங்க."

வாசலில் நின்றபடியே முழுவதையும் சொன்னேன். தாச்சி, சாக்கு, தலைவலி, டொக்டர் சொன்னது, எல்லாம். அதுவரை என் வீட்டுக்காரரிடம்கூட நான் அப்படி வரிசையாகச் சொன்னதில்லை. அவன் சட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் வெளியே கொட்டித் தண்ணீர் ஊற்றினான். குழந்தை குளிரில் அழ ஆரம்பித்தது. நான் வீட்டுக்கு ஓடி எங்களிடம் இருந்த கம்பளியைக் கொண்டுவந்து கொடுத்தேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் மழை நின்றதும் லயம் லயமாகப் போகிறேன். நாற்று வைத்திருப்பவர்களிடம், அந்தியில் மானாப்புல்லும் சாக்கும் போட்டு மூடுங்கள், வெயில் வந்ததும் எடுங்கள், நெருப்பு மட்டும் அடைத்த இடத்தில் வேண்டாம் என்று சொல்கிறேன். சிலர் கேட்கிறார்கள். சிலர் "வந்துட்டா" என்று முணுமுணுக்கிறார்கள். மூடியும் சில நாற்றுகள் கருகத்தான் செய்கின்றன.

அண்ணியின் மகள் என்னிடம்தான் வளர்கிறாள். பள்ளிக்கூடம் போகிறாள். போன மாதம் தலை வாரிக்கொண்டிருந்தபோது, "அத்த, எங்கம்மா பனியிலயா செத்தாங்க? ஸ்கூல்ல சொல்றாங்க" என்று கேட்டாள். சீப்பைக் கீழே வைத்துவிட்டு, அவளுக்குப் புரிகிற மாதிரி, ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். முடிந்ததும், "எங்கம்மாவுக்கு வலிச்சிருக்குமா?" என்றாள். "தூங்கிட்டாங்கம்மா" என்றேன். அதுவும் உண்மைதான்.

அண்ணிக்கு நான் திருப்பிக் கொடுக்க இனி எதுவும் இல்லை. அவர் எப்படி இறந்தார் என்பதை, கேட்பவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சரியாகச் சொல்வது ஒன்றுதான் என்னால் முடிகிறது.