கிரிவலப் பாதையில் ஸ்பிரிங் குழாய்

எண்பதுகளின் தொடக்கத்தில் திருவண்ணாமலையில் ஒரு பாலிடெக்னிக்கில் ஆசிரியராகச் சேர்ந்தேன். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிரிடும் குடும்பம். பள்ளிக்கூடம் பார்த்த முதல் ஆள் நான். அச்சில் வந்த எதன் மேலும் எனக்குப் பெரிய மரியாதை. ஆனால் நான் நடத்திய இயந்திர வடிவமைப்புப் புத்தகத்தில் எங்கேயும் மனிதர்கள் வரவில்லை. அதனால் ஒவ்வொரு வரைபடத்தையும் வாங்கும்போது கேட்பேன்: "இத யாருப்பா தொடப்போறாங்க? அவங்களுக்கு நல்லதா இது?"

"நீதிபோதனை பீரியட் வந்துடுச்சுடா" என்று கடைசி பெஞ்சில் சிரிப்பார்கள்.

இறுதியாண்டு மாணவன் ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. கோடையில் மலை சுற்ற வருகிறவர்களுக்காகத் தண்ணீர்த் தொட்டி ஒன்று செய்தான். அதில் ஸ்பிரிங் குழாய். அழுத்தினால் வரும், கையை எடுத்தால் நின்றுவிடும். சொட்டு வீணாகாது. பட்டறையில் குடத்தை வைத்துப் பிடித்துப் பார்த்தோம், அருமையாக வேலை செய்தது. சித்ரா பௌர்ணமிக்கு மறுநாள் வெளியூர்த் தேர்வாளர் வந்து மதிப்பெண் போடுவார். அதில் தேறினால்தான் அவனுக்கு டிப்ளமோ.

பௌர்ணமியன்று மதியம் கிரிவலப் பாதையில் உள்ள அடி அண்ணாமலை ஊரில் தொட்டியை வைத்தோம். முதலில் வந்த பெரியவர் இரண்டு கையையும் குவித்துக் குனிந்தார். தண்ணீர் வரவில்லை. ஒரு கையால் அழுத்தினார். மறு கையில் விழுந்தது விரலிடுக்கில் ஒழுகிப்போனது.

"இன்னாப்பா, மூணாவது கைக்கு எங்க போறது?"

வரிசையே சிரித்தது. நாங்களும் பிறந்தது முதல் கை குவித்துக் குடித்தவர்கள்தான். ஒருவருக்கும் தோன்றவில்லை.

மாணவனின் முகம் கறுத்துப்போனது. அப்போது பின்னால் நின்ற அம்மாள் எட்டிக் குழாயை அழுத்தினார். "குடிங்கண்ணா." குடித்தவர் நகரவில்லை, நின்று அந்த அம்மாளுக்கு அழுத்தினார். அம்மாள் அடுத்தவருக்கு. எந்த ஊர், என்ன ஆள் என்று எவரும் கேட்கவில்லை. குடித்த கை அழுத்தும் கையாக மாறி மாறி வரிசை போய்க்கொண்டே இருந்தது.

"பாத்தீங்களா சார், டிசைனு ஜனங்கள ஒண்ணா சேக்குது! அப்படியே ரிப்போர்ட்ல எழுதிடுடா" என்றான் கூட வந்த நண்பன். எனக்கும் சரியென்றே பட்டது.

மாணவன் வரிசையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது அவங்க நல்ல மனசு சார். என் டிசைன் இல்ல. நாளைக்குக் கூட்டம் கலைஞ்சிடும். கொழந்தைய இடுப்புல வெச்சிக்கினு ஒருத்தி தனியா வந்தா, யாரு சார் அழுத்துவாங்க?"

"நாளைக்குப் பரீட்சைடா. இப்பக் கழட்டினா மார்க் கம்மியாயிடும்" என்றேன்.

"ஆவட்டும் சார்."

சைக்கிளில் டவுனுக்குப் போய்ச் சாதாரணத் திருகு குழாய் ஒன்று வாங்கிவந்து மாட்டினான்.

மறுநாள் தேர்வாளர் அடி அண்ணாமலைக்கே வந்து தொட்டியைச் சுற்றிப் பார்த்தார். "இதுல உன் வேலை எதுப்பா?"

"என் வேலை தப்பாயிடுச்சு சார். எப்படித் தப்பாச்சுன்னு சொல்லட்டுங்களா?"

அவர் பேனாவை மூடிவிட்டுக் கேட்டார். முடிவில் தேறுவதற்கு வேண்டிய மதிப்பெண்ணை மட்டும் போட்டார்.

அன்று பஸ் நிலையம் வரை அவனோடு நடந்தேன். அவன் பக்கத்தில் நடப்பதே பெரிதாக இருந்தது.