எட்டு கிலோவுக்குள் ஒரு விமானம்

அமெரிக்காவில் இருக்கும் என் மச்சான் ஊருக்கு வரும்போதெல்லாம் அவனுடைய இரண்டு பெட்டிகளையும் சொந்தக்காரர்கள் கிலோ கணக்கில் பங்கு போட்டுக்கொள்வார்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை வரும் பாக்கியம். அந்த முறை எங்கள் வீட்டுக்கு எட்டு கிலோ ஒதுக்கியிருப்பதாகப் போனில் சொன்னான்.

"அக்கா ஒண்ணும் வாணாம்னு சொல்ட்ச்சி. எட்டும் உனுக்குத்தான் மாமா. இன்னா வோணும்னு ஞாயித்துக்கெழமைக்குள்ள சொல்லிடு. அப்பால பொட்டி கட்டிடுவேன்."

நான் சித்தூர் மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் லாரிகளை எடை போடுகிறவன். எங்கள் கூழ் பீப்பாய் பீப்பாயாகக் கப்பலேறிப் போய்விட்டது. மச்சான் படித்துவிட்டு விமானமேறிப் போய்விட்டான். எடை போட்டு அனுப்பியவன் மட்டும் எடை மேடையிலேயே உட்கார்ந்திருக்கிறேன். தினமும் டன் டன்னாகப் பார்க்கிற எனக்கு எட்டு கிலோ என்றதும் அதுவே பெரிய லோடாகத் தெரிந்தது.

காரணம், யோக். விமானி இரண்டு கையாலும் பிடித்திருப்பாரே, கொம்பு முளைத்த ஸ்டியரிங் மாதிரி, அதுதான். திருப்பினால் விமானம் சாயும், தன் பக்கம் இழுத்தால் மூக்கைத் தூக்கும். வீட்டுக் கம்ப்யூட்டரில் மாட்டிக்கொள்வதற்கென்றே அதைச் செய்து விற்கிறார்கள்.

கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் விளையாட்டு என்னிடம் இரண்டு மாதமாக இருந்தது. ஒரு பழைய ஜாய்ஸ்டிக்கை வைத்துக்கொண்டு தினமும் திருப்பதி ஏர்போர்ட்டிலிருந்து குட்டி விமானத்தைக் கிளப்புவேன். அது வேகம் பிடிக்கும், இடது பக்கம் இழுக்கும், புல்லில் இறங்கிப் படுத்துக்கொள்ளும். குச்சியை வலது பக்கம் ஒடிகிற மாதிரி சாய்த்தாலும் கேட்காது. இரண்டு மாதத்தில் வானத்தை நான் பார்த்ததே இல்லை. ஓடுபாதைக்கு இடது பக்கம் முளைத்திருக்கும் புல்லைப் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன். தப்பு குச்சியில்தான், சரியான யோக் இருந்தால் பறந்துவிடுவேன் என்று முடிவுகட்டினேன்.

வாங்குவதற்கு முன் ஒன்றையாவது தொட்டுப் பார்க்க ஆசை. லீவு போட்டுவிட்டுத் திருப்பதிக்கு பஸ் ஏறினேன். மூன்றாவது கம்ப்யூட்டர் கடையில் இருந்தவர், "விமானானிகா? அதி ராதன்னா, இதி சூடண்டி" என்று கார் ரேஸ் ஆடுகிற ஸ்டியரிங் ஒன்றை எடுத்து வைத்தார். விமானத்துக்கானது வராதாம், இதைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். கால் மணி நேரம் திருப்பினேன். பின்னால் பிரிண்டர் மை வாங்க வந்தவர்கள் ஹாரன் அடிக்காத குறை.

ஸ்டியரிங்கில் இழுக்கிற வேலை இல்லை. இழுத்துப் பழகுவதற்கு எடை மேடை கேபினில் என் மேஜை டிராயர் கிடைத்தது. இழுத்தால் ஏறும், தள்ளினால் இறங்கும். எடைச் சீட்டுக்காகக் காத்திருந்த லாரி டிரைவர் ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சாவி எதுனா தொலஞ்சிபூட்ச்சா ணா?" என்றார். ஆமாம் என்றேன். பாவம், அவரும் உள்ளே வந்து கீழே குனிந்து தேடினார்.

நெட்டில் தேடித் தேடிக் கழித்ததில் கடைசியில் இரண்டு யோக் மிச்சமாயின. ஒன்று முழு இரும்புத் தண்டு, அரை வட்டம் திரும்பும், பெட்டியோடு ஏழரை கிலோ. இன்னொன்று பிளாஸ்டிக், அதில் பாதி திரும்பும், மூன்று கிலோகூட இல்லை. எட்டு கிலோ கிடைத்தவன் மூன்று கிலோ வாங்குவானா? சனிக்கிழமை மச்சானுக்குச் செய்தி அனுப்பிவிட்டேன்: பெரியது.

ஞாயிறு காலை அந்தப் பெரிய யோக்கின் வீடியோவை மறுபடி போட்டேன். வெளிநாட்டுக்காரர் ஒருவர் அதை வைத்து அழகாகப் பறந்துகொண்டிருந்தார். அதே அறையில் என் மனைவி மிஷினில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். காலால் மிதிக்கிற பழைய மிஷின். நூல் கோக்க நிறுத்தியவள் திரையைப் பார்த்தாள்.

"அந்தாளு கால்ல இன்னா பண்ணிக்கினு கீறாரு?"

"காலா? கையப் பாரு. எப்டித் திருப்பறாரு பாரு."

"கையி சும்மாதான்யா கீது. வண்டி தரையில ஓடசொல்ல காலுதான் மிதிக்குது. நல்லாப் பாரு."

பார்த்தேன். மேஜைக்குக் கீழே இரண்டு பெடல்கள். விமானம் ஓடுபாதையில் இருக்கிறவரைக்கும் அவர் கால்தான் இப்படியும் அப்படியும் அழுத்திக்கொண்டிருந்தது. அத்தனை நாள் அந்த வீடியோவை முழங்கைக்குக் கீழே நான் பார்த்ததே இல்லை. அவசரமாகத் தேடிப் படித்தேன். தரையில் விமானத்தைத் திருப்புவது காலாம். யோக்கை எவ்வளவு திருப்பினாலும் அது பாட்டுக்குப் போகுமாம். இரும்பு யோக் வந்திருந்தாலும் ஏழரை கிலோ கனத்தோடு அதே புல்லில்தான் படுத்திருப்பேன்.

மச்சானுக்குப் போன் போட்டேன். அங்கே சனி இரவு ஆரம்பித்திருந்தது.

"மச்சான், வாங்கிட்டியா?"

"கடையிலதான் மாமா கீறேன். கையில தூக்கிக்கினு நிக்கிறேன். இன்னா கனம் கனக்குது."

"கீழ வெய்டா, கீழ வெய். சின்னது எட்து, கூட பெடல் ஒண்ணு எட்து."

"அது எவ்ளோ வெய்ட்டு?"

"நாலு கிலோ. ரெண்டும் சேந்து ஏழு."

"ஒரு கிலோ மிச்சம் கீதே?"

"அத ஒங்கக்காவுக்குக் குடு. கண்டுபுடிச்சதே அதான்."

மறு வாரம் பெட்டி வந்தது. அன்று மாலையே யோக்கை மேஜையில் முடுக்கி, பெடல்களைக் காலடியில் வைத்து, வீட்டில் எல்லோரும் வேடிக்கை பார்க்கிறார்கள் என்ற நினைப்பில் உட்கார்ந்தேன். மனைவி மட்டும் மிஷினில் இருந்தாள். வேகம் கொடுத்தேன். விமானம் வழக்கம்போல இடது பக்கம் தன் புல்லைத் தேடியது. வலது காலை அழுத்தினேன். வெள்ளைக்கோடு நடுவுக்கு வந்தது. போனது, வந்தது, போனது, வந்தது. யோக்கை இழுத்தேன், பிளாஸ்டிக் கீச்சென்றது, தரை கீழே போய்விட்டது.

எதிரே மலை, மேலே முழுக்க வானம். இரண்டு மாதமாக அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. மிஷின் சத்தம் நின்றது. மனைவி வந்து என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எங்க போற?"

"சித்தூரு. நம்ம வூடு தெரியுதான்னு பாக்கலாம்."

கொஞ்ச நேரம் இருவரும் வயல்களைப் பார்த்துக்கொண்டு போனோம். பிறகு அவள் கேட்டாள்.

"எறங்கறதுக்கு எந்தக் காலு?"

அதை நான் படிக்கவில்லை. யோக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வேலூர் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றேன்.